வழுக்காத தரை

எங்கள் புது வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று முடிவாகும் முன்பே பாத்ரூம் தரை முடிவாகிவிட்டது. சமையலறை எங்கே வரும், மாடிப்படி எப்படித் திரும்பும், ஒன்றும் தெரியாது. ஆனால் மாடி பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ், சுவரோரம் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"எங்க அண்ணி அடிக்கடி வழுக்கி விழுந்துடுவாங்க மேடம்," என்று இன்ஜினியர் பெண்ணிடம் விளக்கினார். "போன மழைக்காலத்துல கையை உடைச்சுக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி உதடு கிழிஞ்சுது. அலமாரி முனையெல்லாம்கூட உருண்டையா வச்சிடுங்க. அதுலயும் போய் மோதிக்குவாங்க."

இன்ஜினியர் பெண் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே, "மேடத்துக்கு முதல்ல கண் டாக்டர்தான் வேணும் போலிருக்கு," என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. என் வீட்டுக்காரர் அண்ணி என்று சொன்னது என் ஓரகத்தியை; எனக்கு அவள் அக்கா. அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர், தண்ணீர் டம்ளரை அவள் பக்கமாக நகர்த்தி வைத்து, "கவனமா இருன்னு சொல்லிச் சொல்லி நானும் அலுத்துட்டேன்," என்றார்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் அவர். சொந்தத்தில் எல்லோருக்கும் பெரியவர். அந்தக் குரல் இருக்கிறதே, வெண்ணெய்தான். மருந்துக்கடை வைத்திருக்கிறார். காய்ச்சல் குழந்தையோடு வருகிறவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவார். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அக்காவின் காயத்துக்கு மருந்து போடுவதும் அவர்தான்.

காயத்தைத் தருவதும் அவர்தான். அந்த மேசையில் அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில்தான் மெஷின். ஒருநாள் அக்காவுக்குச் சட்டை அளவு எடுக்கும்போது மேல்கையில் பார்த்தேன். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம், கன்றி நீலமாகப் பதிந்திருந்தது. பாத்ரூம் தரைக்கு விரல் கிடையாது. டேப்பைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா, இது என்ன?" என்று கேட்டேன். அவள் முதலில் தெருக்கதவைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. உன் வீட்டுக்காரர்கிட்டகூட. அவர் நேரா போய் அவங்க அண்ணன்கிட்டயே கேட்டுடுவார். அப்புறம் நான் உயிரோட இருக்க மாட்டேன். சும்மா சொல்லல."

அந்த 'சும்மா சொல்லல' என்பதை அவள் சொன்ன விதத்தில், அது வெறும் பேச்சில்லை என்று எனக்குப் புரிந்தது. அவள் சொன்னதும் நியாயம்தான். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குள் நுழைகிறவரை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவ்வளவு நல்லவர், ஆனால் வயிற்றில் ஒரு விஷயம் தங்காது. காலையில் சொன்னால் மதியத்துக்குள் அண்ணன் முன்னால் போய் நின்று, "என்னண்ணா இப்படிச் சொல்றா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிடுவார். அண்ணன் தோளைத் தட்டிச் சிரித்து அனுப்பிவைப்பார். கதவு சாத்திய பிறகு அக்காவின் கதை என்ன ஆகும்? நான் வாயைத் தைத்துக்கொண்டேன்.

அப்போது நாங்கள் தெருவின் இந்த முனையில் வாடகைக்கு இருந்தோம், அவர்கள் அந்த முனையில். பெரியவர் முகம் மாறுகிற நாளில் அக்கா ஏதாவது ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு, "தையல் விட்டுப்போச்சு" என்று வந்து உட்கார்ந்துவிடுவாள். நன்றாக இருக்கும் தையலைத்தான் பிரிப்பேன். பிரித்ததைத் திரும்பத் தைப்பேன். அவர் கோபம் ஆறுகிறவரை இது நடக்கும். அவர்கள் வீட்டுச் சுவரும் மெல்லிசு, இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும். அதனால் அவரும் அளவோடுதான் இருந்தார். அளவோடு என்று எழுதுகிறேன் பாருங்கள், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் மாமனார் விட்டுப்போன மனையில் வீடு கட்டுகிற பேச்சு வந்தது. கீழே நாங்கள், மேலே அவர்கள். "அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழ," என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் மகள் ஜன்னலோரம் மேசை வேண்டும் என்றாள். விடுதியில் தங்கிப் படிக்கும் அக்காவின் மகன் போனில், "எனக்கு எதுவா இருந்தாலும் ஓகே," என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பிளான் விரிந்தது. பெரியவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் கைவசம் வைத்திருந்தார்.

"மாடிப்படி வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்மா. வெளிப்படின்னா திருடனுக்கு நாமளே ஏணி போட்டுக் கொடுத்த மாதிரி."

சரி என்றாள் இன்ஜினியர் பெண்.

"படி முடியற இடத்துல ஒரு கிரில் கேட் வந்துடணும். ராத்திரி பூட்டிக்கலாம். சாவி என்கிட்ட இருக்கும்."

அதற்கும் சரி.

"எங்க பெட்ரூம் பின்பக்கம் தள்ளி இருக்கட்டும். சுவர் நல்ல தடிமனா வேணும். தெருச் சத்தம் உள்ள வரக்கூடாது."

உள்ளே வரும் சத்தத்தைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே வரமுடியாத சத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். "சார் எவ்ளோ தெளிவா இருக்கீங்க! எல்லாரும் இப்படி இருந்தா எங்க வேலை எவ்ளோ சுலபம்," என்று அந்தப் பெண் மெச்சினாள். அக்கா பிளானைப் பார்க்கவே இல்லை. மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் பெரியவரின் ஆயுதத்தையே எடுத்துப் பார்த்தேன். "மாமா, அக்காதான் அடிக்கடி வழுக்கி விழறாங்களே, அவங்களுக்கு எதுக்குப் படியேற்றம்? நாங்க மேல போயிடுறோம். நீங்க கீழ இருங்க. வாசல், தோட்டம் எல்லாம் அவங்களுக்குப் பக்கத்துல இருக்கும்."

"அட, இது எனக்குத் தோணலையே!" என்று என் வீட்டுக்காரர் மேசையைத் தட்டினார். "என் பொண்டாட்டிக்கு மூளை இருக்குண்ணா, நான்தான் சொல்றதில்ல."

பெரியவர் சிரித்தார். "படியே ஏறாம இருந்தாத்தான் காலு இன்னும் பலவீனமாகும்னு டாக்டர் சொல்லியிருக்கார்." அவ்வளவுதான், தம்பி உடனே தலையாட்டினார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அவர் பிறவியிலேயே கிடையாது.

அடுத்த ஞாயிறு இன்னொன்று சொன்னேன். மாடியிலிருந்து பின்பக்கம் இறங்க இரும்பில் ஒரு சின்னச் சுழல் படி, துணி காயப்போட வசதியாக இருக்கும் என்றேன். இன்ஜினியர் பெண் காகிதத்தின் ஓரத்தில் வட்டமாக வரைந்தாள். அழகாகத்தான் இருந்தது. பெரியவர் அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாகப் போனது. "பேனா தரீங்களாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் மரியாதையாக வாங்கி, வட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இது வேணாம்."

மறுநாள் நான் தனியாக இருக்கும் நேரத்தில் வந்தார். கையில் ஒரு சட்டை, பட்டன் விட்டுப்போயிருந்தது. அவர் வீட்டிலேயே ஊசியும் நூலும் உண்டு. நான் பட்டன் தைத்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, மேசையில் குறுக்கே கிடந்த கத்தரிக்கோலை எடுத்துத் துணிக்கு இணையாக நேராக வைத்தார்.

"பின்படி மேல உனக்கு ஏம்மா இவ்ளோ அக்கறை?"

"துணி காயப்போடத்தான் மாமா."

"அவ ஏதாவது சொன்னாளா?"

"ஐயோ, இல்ல மாமா. நானாத்தான்."

"அவளுக்குச் சின்ன விஷயத்தைப் பெருசாக்கற பழக்கம் உண்டு. நீ புத்திசாலி. உனக்குத் தெரியும்." சட்டையை வாங்கிப் பட்டனை இழுத்துப் பார்த்தார். "நல்லா இறுக்கமா தைக்கிற," என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசி என் விரலில் குத்தியிருந்ததை அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

அந்த வாரமே அக்கா மறுபடியும் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். செய்தி கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். நான் ஓடினேன். அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், மூச்சை இழுத்து விடும்போது முகம் சுருங்கியது. பெரியவர் டீ போடச் சமையலறைக்குப் போன அந்தச் சின்ன நேரத்தில் என் கையைப் பிடித்தாள்.

"இனிமே பிளான்ல எதுவும் கேட்காத. உனக்குப் புண்ணியமா போகும்."

நான் கேட்ட சுழல் படிக்கு அவள் விலா எலும்பு பதில் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டீ கொடுத்தேன், பிஸ்கட் வைத்தேன், ஊமையாக இருந்தேன். கிரில் கேட் இருந்த இடத்திலேயே இருந்தது. சுவர் தடிமனானது. எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே அவர்கள் படுக்கையறை வந்தது. கீழே படுத்துக்கொண்டு, மேலே கேட் பூட்டுகிற சத்தத்தைக் கேட்கப்போகிறவள் நான். பூட்டிய பிறகு என்ன நடந்தாலும், படியில் ஏறிக் கம்பியைப் பிடித்து ஆட்டலாம், அவ்வளவுதான். அந்த வீட்டில் அக்கா செத்துப்போவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போனது.

என் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு டைல் மாதிரி வாங்கிவந்தார். கூடத்தின் நடுவில் போட்டு, அதன் மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறி நின்றார். "பாரு, ஒரு இம்மிகூட நகரல. அண்ணி இனிமே விழவே மாட்டாங்க." முகத்தில் அப்படியொரு சந்தோஷம். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் முன்னால் அவர் போய் நிற்பது கண்ணில் தெரிந்தது. துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைக் கூட்டித் தள்ளினேன்.

மனையில் கோடு போடுகிற நாள் வந்தது. மேஸ்திரி முளை அடித்துக் கயிறு கட்டி, கயிற்றை ஒட்டிச் சுண்ணாம்புத்தூள் தூவிக்கொண்டே போனார். வெறும் மண்ணில் வீடு தெரிய ஆரம்பித்தது. கதவு வருகிற இடங்களில் மட்டும் கோடு போடாமல் விட்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு இடைவெளியிலும் குனிந்து நுழைந்து, "தலை இடிக்குமோன்னு பார்த்தேன்," என்று ஜோக்கடித்தார். இன்ஜினியர் பெண் பின்பக்க அறையைக் காட்டி, "மேல உங்க பெட்ரூமும் இதே சைஸ்தான் சார். மேடம் உள்ள போய் நின்னு பார்க்கட்டும்," என்றாள்.

"போ, கட்டில் எங்க போடலாம்னு பாரு," என்றார் பெரியவர்.

அக்கா இடைவெளி வழியாக உள்ளே போனாள். கட்டில் வருகிற இடம் என்று அந்தப் பெண் காட்டிய தூரத்து மூலையில் போய் நின்றாள். பெரியவருக்குக் கடையிலிருந்து போன் வந்தது. அவர் அந்த இடைவெளியிலேயே நின்று, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எந்தப் பெட்டியில் எந்த மருந்து இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.

அப்போதுதான் மணல் லாரி வந்தது. மனையின் பின்பக்கச் சந்து வழியாக ரிவர்ஸில் ஏறியது. வண்டிக்குப் பின்னால் ஆள் நிற்பது டிரைவருக்குத் தெரியவில்லை. மேஸ்திரி கையை வீசிக்கொண்டு கத்தினார், "அம்மா, வெளிய வாங்க! வண்டி வருது!"

அக்கா லாரியைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அவள் கால் பக்கத்திலேயே சுண்ணாம்புக் கோடு இருந்தது. ஒரு எட்டு வைத்தால் அறைக்கு வெளியே. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கதவுக்காக விட்ட இடைவெளியைப் பார்த்தாள். அங்கே அவர் முதுகு நின்றிருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள், நின்றுவிட்டாள். இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அவர் நகரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி! தாண்டுங்க! கோட்டைத் தாண்டி வாங்க!"

கத்திக்கொண்டே என் வீட்டுக்காரர் ஓடினார். அறைகளின் குறுக்கே, சுண்ணாம்பெல்லாம் சிதற ஓடி, அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே மண்ணில் விழுந்தார். லாரியின் பின்சக்கரம் அறைக்குள் ஏறி, அக்கா நின்றிருந்த மூலையை மிதித்து நின்றது. மேஸ்திரி டிரைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். பயமே கோபமாக வந்தது. "ஏன் அண்ணி? ஒரு எட்டு வச்சா வெளிய! சுவரா அது? வெறும் கோடுதானே!"

"அவர் வாசல்ல நின்னுட்டிருந்தாரே," என்றாள் அக்கா.

"அதுக்கு?"

"அவர் வாசல்ல நின்னா நான் வெளிய வரக்கூடாது."

உலகத்துக்கே தெரிந்த ஒன்றைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டாள் போல. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி திட்டுவதை நிறுத்திவிட்டார். இன்ஜினியர் பெண் சுருட்டிய பிளானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார், அழிந்துபோன கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடேன் என்று அந்த முகம் கெஞ்சியது. நான் ஆமாம் என்று தலையசைத்தேன். இத்தனை வருஷம் அண்ணனைப் பற்றி அவர் சேர்த்து வைத்திருந்த பெருமையெல்லாம் அந்த முகத்தைவிட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

பெரியவர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பதறாமல், அந்த இடைவெளி வழியாகவே நடந்து வந்தார். "பயத்துல உளர்றா," என்றார் எல்லோருக்கும் பொதுவாக. பிறகு அக்காவிடம் கையை நீட்டினார். "எழுந்திரு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அக்கா எழுந்தாள். அவரை நோக்கி நடக்கவும் ஆரம்பித்தாள். லாரியைப் பார்த்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். என்னோடு நிற்கவும் தெரியாமல், அவரிடம் போகவும் முடியாமல் அவள் உடம்பு இழுபட்டது.

என் வீட்டுக்காரர் எழுந்து நடுவில் வந்து நின்றார். முழங்கையில் ரத்தம், முகமெல்லாம் மண். "அண்ணி எங்ககூட வரட்டும்ணா."

"எதுக்கு?" அதே வெண்ணெய்க் குரல்.

"வரட்டும்."

"அதான் எதுக்குன்னு கேட்கறேன்."

என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே சொன்னார், "எனக்கு உங்களைப் பார்த்தா பயமா இருக்குண்ணா."

பெரியவர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே வைக்காமல் கொஞ்சம் கிட்டே வந்து நின்றார். பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். "சரி, கூட்டிட்டுப் போ. எத்தனை நாளைக்கு வச்சிருப்பே?"

அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் வாய் என் காதருகே அசைந்தது. எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "வரமாட்டேன்னு சொல்லு," என்றாள். "எனக்குச் சொல்லப் பயமா இருக்கு. நீ சொல்லு."

"அக்கா இனிமே வரமாட்டாங்க," என்று சொன்னேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னேன். பிறகு வேன் இருக்கும் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அவர் எங்கள் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.